அட்டையைத் தொடாத பெண்

என்னைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஸ்கேன் அறையில் எதையும் எண்ணாமல் விடமாட்டார், ஹேர்பின்னைக்கூட எண்ணித்தான் டப்பாவில் போடுவார், எண்ணித்தான் திருப்பிக் கொடுப்பார் என்று. உண்மைதான். பதினைந்து வருடம் எக்ஸ்ரே, பதினாறு வருடம் எம்.ஆர்.ஐ. மொத்தம் முப்பத்தொன்று. நான் இருந்தவரை ஒரு பின்னூசிகூட என்னைத் தாண்டி அந்தக் காந்தத்துக்குள் போனதில்லை. நீங்கள் சேர்ந்த பத்து மாதத்தில் இரண்டு போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது வேறு சண்டை. இன்று அதைப் பேசப்போவதில்லை.

போன வாரம் உங்களில் ஒருவர் போனில் கேட்டார்: "சார், டாக்டர் எழுதாத படத்தை நாம எடுத்தா தப்பா?" தப்பு என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. நான் எடுத்தேன். அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்த மெமோவுக்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆம்பூரில் இடுப்பு வலி இல்லாத ஆளைத்தான் தேட வேண்டும். ஈரத் தோலைத் தூக்குகிறவர்கள், தோல் பதனிடும் டிரம்மில் குனிந்து நிற்கிறவர்கள், முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஷூ தைக்கிற பெண்கள். ஒரு நாளைக்குப் பத்து முதுகெலும்பு நம் மெஷினுக்குள் போனால் ஒன்பதில் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் கொஞ்சமாவது பிதுங்கியிருக்கும். எனவே இங்கே டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது ஒரு திறமையே இல்லை. பார்த்தவுடன் கிடைத்துவிடும். கிடைத்தவுடன் அனுப்பிய டாக்டருக்கும் நிம்மதி, ரிப்போர்ட் எழுதுகிறவருக்கும் நிம்மதி, நமக்கும் அடுத்த ஆளைக் கூப்பிடலாம். இந்த ஊர் ஸ்கேன் அறைகளுக்கென்றே உள்ள வியாதி இது. எனக்கும் இருந்தது.

செல்வராணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அன்றைக்கு நாலாவது ஆளாக. முப்பத்து நான்கு வயது. அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்கு வந்து ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். கூட வந்தவர் அவள் கணவர் தனபால். அவர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மத்தியான ஷிப்டுக்குப் போயாக வேண்டும் என்று வந்ததிலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டில் ஒரே வரி: இடுப்பு எம்.ஆர்.ஐ., டிஸ்க் சந்தேகம்.

ஆறு ஹேர்பின், இரண்டு பின்னூசி, ஒரு ஜோடி மெட்டி, ஒரு ஜோடி தோடு. எண்ணி வாங்கினேன்.

"யூரின் போய்ட்டு வந்துட்டீங்களாம்மா?"

"போய்ட்டு வந்தேன் சார்."

"அரை மணி நேரம் அசையாம படுக்கணும்."

"அரை மணி நேரமா? உட்கார்ந்துனு எடுக்க முடியாதா சார்?"

"இது இன்னா, போட்டோ ஸ்டூடியோவா?"

அவள் சிரித்தாள். நானும் பெரிய நகைச்சுவை சொன்னதுபோல் உள்ளே அனுப்பினேன். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். டிஸ்க் வலிக்காரர்களில் பெரும்பாலானோர் படுத்தால் போதும் என்றுதான் வருவார்கள். ஒரு பெண் படுக்கப் பயப்படுகிறாள். அது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

படம் எடுக்கும் முன் இடத்தைக் குறிக்க ஒரு குறிப்புப் படம் எடுப்போம், அரை நிமிட வேலை. அதைத் திரையில் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுடைய மூத்திரப்பை ஒரு சின்ன முலாம்பழம் அளவுக்கு உப்பி, வெள்ளையாகத் தொப்புளை எட்டிக்கொண்டிருந்தது. போய்விட்டு வந்ததாகச் சொன்னவள்! மைக்கில் ஆரம்பித்து, டேபிளை வெளியே இழுத்து, நேரிலும் திட்டினேன். இப்படி நிரம்பிய வயிற்றோடு படுத்தால் பாதியில் அசைவீர்கள், படம் கெடும், வெளியே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள், எல்லாம் சொன்னேன்.

"நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? இதுல எனக்கு இன்னா லாபம்?"

"மறுபடி போய்ட்டு வாங்க. நிதானமா."

போனாள். பதினொரு நிமிடம் ஆயிற்று. தனபால் என்னை முறைத்தார். "இன்னா சார், இப்டி பேஜார் பண்றீங்க? ஷிப்டு போய்டும்." அவள் திரும்பி வந்து படுத்தாள். மறுபடி குறிப்புப் படம்.

திரையில் அளவுகோலை வைத்து அளந்தேன். முதல் படத்தில் மேலிருந்து கீழ் பதினாறு சென்டிமீட்டர். இரண்டாவதில் பதினாறுக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவு. பதினொரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்த பெண்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது இன்னொரு ஆள். அதையும் உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லப் பிடிக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். லாரியில் உப்புத் தோல் ஏற்றி இறக்குகிறவர். அவருக்கும் குறிப்புப் படத்தில் இப்படித்தான் தெரிந்தது. டீ குடித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். மூத்திரப்பையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இடுப்பைக் கேட்டார்கள், இடுப்பை எடுத்தேன். டிஸ்க் இருந்தது. ரிப்போர்ட்டிலும் டிஸ்க். ஏழு மாதம் கழித்து அதே வாசல் வழியாக அவரை அவருடைய தம்பி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த முறை முதுகு முழுவதும் எடுத்தோம். தண்டுவடத்தின் முனையில் கட்டி. நான் முன்பு எடுத்த படத்தின் மேல் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தூரம். நான் டேபிளை ஐந்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் விழுந்திருக்கும். அவர் அப்புறம் நடக்கவேயில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதியதை எடுத்திருந்தேன், கேட்க என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். தண்டுவடம் இடுப்பு வரை வருவதில்லை. இடுப்புப் பகுதி முதுகெலும்பு ஆரம்பிக்கிற இடத்திலேயே அது முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால்போல் தொங்கும். காலுக்குப் போவதும் அதிலிருந்துதான், மூத்திரம், மலம் அடக்குவதும் விடுவதும் அதிலிருந்துதான். அந்த முனையிலும் வேர்களிலும் கட்டி வருவது மிக அபூர்வம். பெரும்பாலும் மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதால் ஆள் பழகிக்கொள்வார். ஊரும் பழகிக்கொள்ளும்.

நான் எழுந்து உள்ளே போனேன். செல்வராணி முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எழுப்பி டேபிளிலேயே உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் அவள் முகம் தெளிந்தது.

"படுத்தா வலிக்குதாம்மா?"

"படுத்தாத்தான் சார் ஜாஸ்தி. வீட்ல சொவத்துல சாஞ்சு உட்கார்ந்துனுதான் தூங்கறேன். நாலு மாசமா."

"இப்ப பாத்ரூம்ல ஏன் அவ்ளோ நேரம்?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். தனபால் வெளியே இருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "உட்கார்ந்தேன். சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு. எனக்கு எப்பவும் அப்டித்தான் சார் இப்பல்லாம். வரணும்னே தோணாது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"யூரின் நார்மலான்னு கேட்டாரு. நார்மல்னு சொன்னேன். எங்க லைன்ல யாரு சார் அடிக்கடி போறது? முப்பத்திரண்டு பேருக்கு ஒரு அட்டை. ஆணியில மாட்டியிருக்கும். அட்டை எடுத்துனு போனாத்தான் போலாம். அது திரும்பி வந்தாத்தான் அடுத்தவ. அதுக்குப் பயந்துனு காலையில தண்ணியே குடிக்க மாட்டாளுங்க. நான்தான் இப்ப ரெக்கார்டு." அவளுக்கே சிரிப்பு வந்தது. "ரெண்டு மாசமா நான் அட்டையத் தொட்டதே இல்ல. சூப்பர்வைசரு மத்தவளுங்ககிட்ட என்னைக் காட்டுவாரு. செல்வராணியப் பாரு, அவ இன்னா மனுஷி இல்லியான்னு."

அவளுடைய நோய்க்குப் பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்தது.

"உட்கார்ற எடம் மரத்துப்போகுதா?" இதைக் கேட்க எனக்குக் கூச்சம். ஆனால் கேட்டேன்.

"எட்டு மணி நேரம் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்தா உங்களுக்கும்தான் சார் மரத்துப்போவும். எல்லாருக்கும் மரத்துப்போவுது."

"ஞாயித்துக்கிழமை?"

அவள் விரலால் டேபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமையும்தான் சார்."

அவளை மறுபடி படுக்கச் சொல்லிவிட்டு நான் கன்சோலுக்கு வந்து டாக்டர் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். எழுதியிருந்த இடுப்புப் படத்தை எடுத்தேன். டிஸ்க் இருந்தது, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், இந்த ஊர் வழக்கப்படி. பிறகு டேபிளைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தி, யாரும் எழுதாத மேல் பகுதியை எடுத்தேன். பிறகு கழுத்திலிருந்து கீழ்வரை ஒரு நீளப் படம், எலும்புகளை மேலிருந்து எண்ணுவதற்காக. கீழிருந்து எண்ணாதீர்கள். சிலருக்கு இடுப்பில் ஒரு எலும்பு கூடுதலாக இருக்கும், அறுவை செய்கிறவர் தவறான இடத்தைத் திறப்பார். எல்லாம் சேர்த்துப் பதினான்கு நிமிடம்.

கட்டி வெண்டைக்காய் அளவில் இருந்தது. தண்டுவடத்தின் நுனியிலிருந்து கீழே இறங்கி, வேர்களையெல்லாம் சுவரோடு ஒதுக்கித் தள்ளிக்கொண்டு.

அவளை எழுப்பி டேபிளிலேயே உட்கார வைத்துவிட்டு, சென்னையில் உட்கார்ந்து நம் படங்களுக்கு ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நல்லவர், ஆனால் நாலு ஊருக்கு ஒரே ஆள்.

"மேடம், இப்ப அனுப்பினது. உடனே பாருங்க."

"பாத்தேன் சார், முதல் சீரீஸ். நாலு-அஞ்சுல டிஸ்க் இருக்கே. வலிக்கு அது போதும். எனக்கு முன்னாடி இருபத்தொரு கேஸ் இருக்கு, வரிசையில வர்றேன்."

"கடைசி சீரீஸ் பாருங்க மேடம்."

"கடைசி சீரீஸா? கேட்டது இடுப்பு மட்டும்தானே?"

"நான் எடுத்தேன். நீங்க பாக்கற வரைக்கும் அந்தப் பொண்ண டேபிள்ல இருந்து எறக்கமாட்டேன்."

போனை வைக்கும்போது மேனேஜர் அறைக்குள் இருந்தார். என்னைவிட முப்பது வயது சின்னவர். என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை கம்மி.

"பெரியவரே, வெளிய ஏழு பேரு நிக்கறாங்க. மெஷின் ஓடல, ஒரு பேஷன்ட் உள்ள உட்கார்ந்துனு இருக்காங்க. இன்னா நடக்குது?"

"டாக்டர் பாக்கணும். அதுவரைக்கும் இவங்க இங்கதான்."

"ரிப்போர்ட் நாளைக்கு வரும். வாங்கினு அவங்க டாக்டராண்ட போவாங்க. நீங்க இன்னா டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் டாக்டருக்குக் காத்திருக்கேன்."

அவருக்குப் பின்னால் தனபாலும் வந்துவிட்டார். "இன்னா சார் இருக்குது? எதனா சொல்லுங்க."

"டாக்டர் சொல்வாங்க."

"அப்ப நீங்க இன்னாத்துக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"அவங்க சொல்றத நீங்க கேட்டுட்டுப் போறதுக்குத்தான்."

நோயின் பெயரை நான் சொல்லவில்லை. அந்த விதியை மீறக்கூடாது, நீங்களும் மீறாதீர்கள். ஆனால் பெயர் சொல்லக்கூடாது என்ற விதிக்குள் ஆளை அனுப்பிவிடலாம் என்று எங்கும் எழுதவில்லை. நான் பார்த்துவிட்டேன். தனபால் அவளைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ரிப்போர்ட் நாளைக்கு வரும், அணைக்கட்டிலிருந்து வந்து வாங்க ஒரு நாள் லீவு கிடைக்க வேண்டும், டாக்டர் புதன், சனி மட்டும் இருப்பார். இடையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தைப்பாள், அட்டையைத் தொடாமல், பாராட்டு வாங்கிக்கொண்டு. ஒரு நாள் காலையில் கால் எழும்பாது. நான் ஒருமுறை பார்த்ததை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

மேனேஜர் கையை டேபிளைக் கீழே இறக்கும் பொத்தானை நோக்கி நீட்டினார். நான் அவர் கைக்கு முன்னால் நின்றேன். அவ்வளவுதான். தள்ளவில்லை, கத்தவில்லை. அறுபத்து மூன்று வயதில், அறுபத்தொரு கிலோ எடையில், ஒரு பொத்தானுக்கு முன்னால் நின்றேன்.

"வேலைய மறந்துடுங்க பெரியவரே," என்றார் அவர்.

"அத அப்பறம் பேசலாம்."

ஒன்பதாவது நிமிடம் போன் அடித்தது. டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. "கழுத்துல இருந்து எண்ணினீங்களா சார்?"

"எண்ணினேன் மேடம். ரெண்டு தடவ."

"கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு இன்னொரு சீரீஸ் எடுங்க, அங்க இருக்கற டாக்டர்கிட்ட நான் பேசறேன். அவங்க வீட்டுக்காரர்கிட்ட போனக் குடுங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு இல்ல, இன்னைக்கு."

தனபால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. செல்வராணி டேபிளிலிருந்து என்னைக் கேட்டாள்: "சார், கால் போய்டுமா?"

"நீ இப்ப நடந்துதானே வந்த?"

"ஆமா."

"நடந்துதான் வெளிய போவ. அதுக்கப்பறம் இருக்கறத அவங்க பாத்துப்பாங்க."

ஆறு ஹேர்பின், இரண்டு பின்னூசி, ஒரு ஜோடி மெட்டி, ஒரு ஜோடி தோடு. ஊசிப் படமும் எடுத்து முடித்தபின் எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.

மெமோ வெள்ளிக்கிழமை வந்தது. எட்டு வரி. அனுமதியின்றி மெஷினைப் பயன்படுத்தியது, பிற நோயாளிகளைக் காக்க வைத்தது, மேலாளருடன் ஒத்துழைக்காதது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். நான் அன்றே எழுதிக் கொடுத்தேன்: பதினான்கு நிமிடம், அனுமதி கேட்கவில்லை, மறுபடியும் செய்வேன்.

"வருந்துகிறேன்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க பெரியவரே. ஃபைல முடிச்சிடறேன்."

"ஃபைலு தொறந்தே இருக்கட்டும்."

திறந்தேதான் இருந்தது, நான் ஓய்வு பெறும்வரை. அதற்குப் பிறகு இருந்த மூன்று வருடத்தில் இருபத்து மூன்று முறை அப்படி மேலே நகர்த்தி எடுத்தேன். இருபத்திரண்டு முறை ஒன்றும் இல்லை. வெட்டி வேலை என்றார் மேனேஜர். இருக்கட்டும். உங்களிடம் மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை: பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, திட்டு மட்டும் கிடைக்கும். வேலைகூடப் போகலாம். என் வேலை போகாததற்கு என் வீரம் காரணமில்லை. டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதினார், அதனால் தப்பினேன். அப்படி ஒருவர் உங்களுக்கு வாய்க்காமலும் போகலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பொத்தானுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

செல்வராணி பதினான்கு மாதம் கழித்து வந்தாள், மறுபரிசோதனைப் படத்துக்கு. நடந்து வந்தாள். கட்டியை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிட்டார்கள், ஆனால் பல வருடம் கண்காணிக்க வேண்டிய வகை. கால் தப்பியது. மூத்திரப்பை பாதிதான் திரும்பியது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை அவளே போட்டு எடுக்க வேண்டும், கடிகாரம் பார்த்து. நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

"வேலைக்குப் போறியாம்மா?"

"போறேன் சார். அதே லைனு, அதே ஸ்டூலு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ நான் எழுந்தாவணும்னு டாக்டர் சீட்டு குடுத்தாரு. சூப்பர்வைசரு, சரி, ஆனா அட்டை இருந்தாத்தான்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அட்டைய எடுத்துனு போனேன். திருப்பி மாட்டல. தொலஞ்சு போச்சுன்னேன்." பையைத் திறந்தாள். ஷூ மேல்தோலில் வெட்டிய ஒரு துண்டு, உள்ளங்கை அளவு, லைன் எண் ஏழு என்று குத்தி, இரும்பு வளையம் போட்டது. "புதுசு மாட்டினாங்க. அதுவும் தொலஞ்சு போச்சு. மூணாவதுக்கு நாங்க முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்துல எழுந்து வரிசையில நின்னோம், அட்டைக்கு. மிஷினு எதுவும் ஓடல. அதுக்கப்பறம் ஆணியையே புடுங்கிட்டாங்க சார்."

"மொத்தம் எத்தன அட்டை உன்கிட்ட?"

"ரெண்டு. ஒண்ணு எனக்கு. இது உங்களுக்கு."

கன்சோலுக்கு மேலே, விதிமுறைப் பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிற அந்தத் தோல் துண்டு அதுதான். இரும்பு வளையத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தேன். யாரும் அதை எடுத்துவிட வேண்டாம்.

ஆறு ஹேர்பின், இரண்டு பின்னூசி, மெட்டி, தோடு. அவளை மல்லாக்கப் படுக்க வைத்தேன். நேராகப் படுத்தாள், காலை நீட்டி. கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"சார், போய்ட்டு வந்தேன். இந்தத் தடவ நம்புறீங்களா?"

"நம்புறேன்மா. படத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

குறிப்புப் படம் திரையில் விழுந்தது. மூத்திரப்பையின் மேல் அளவுகோலை வைத்தேன். நாலு சென்டிமீட்டர்.